கால் சுற்று

அட்ஜஸ்ட்மெண்ட் என்ற சொல்லைத் தமிழ் எடுத்துக்கொண்ட விதத்தில் நம்முடைய ஒழுக்க சரித்திரத்தில் ஒரு பகுதி அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. மூன்று பேர் உட்காரும் ஸீட்டில் நாலாவது ஆள் வந்து ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க’ என்கிறார். புகுந்த வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கும் அதே புத்திமதி. கருவி ஒன்றை அதற்குரிய அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்துவது என்பது அந்தச் சொல்லின் ஓர் அர்த்தம். இருப்பதோடு இணங்கிப்போவது இன்னொரு அர்த்தம். நம்மிடம் முதலாவது ஒர்க்ஷாப்போடு நின்றுவிட்டது. இரண்டாவதுதான் வீடு, அலுவலகம், இலக்கியம் எல்லாவற்றிலும் பரவியிருக்கிறது. இந்த இரண்டு அர்த்தங்களும் ஒரே திருகின் தலையில் சந்தித்துக்கொண்டதை சில மாதங்களுக்கு முன் புதுக்கோட்டையில் ஒரு வேப்பமரத்தடியில் பார்த்தேன். அதிலிருந்து அதைப் பற்றி யோசித்து வருகிறேன். யோசனை முடிந்துவிட்டதாகச் சொல்லமாட்டேன்.

கார் அப்பாவினுடையது. அறந்தாங்கியில் நெல் மண்டி வைத்திருந்தவர். 1991 மாடல் அம்பாசடர், டீசல். ஆக்ஸ்ஃபோர்டு மாரிஸின் உடம்பை வாங்கிக்கொண்டு 1950களின் பிற்பகுதியில் வங்காளத்து உத்தர்பாராவில் செய்ய ஆரம்பித்து 2014 மே மாதத்தோடு நிறுத்திவிட்ட வண்டி. 1,489 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சின். இழுக்கும் சக்தி நாற்பது குதிரைக்கும் கீழே. இன்றைக்கு ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் அதைத் தாண்டிவிடும். அப்பா இறந்த பிறகு விற்க மனம் வரவில்லை என்பது காரணத்தில் பாதி. விற்றால் இரும்பு விலைதான் கிடைக்கும் என்பது மறு பாதி. பம்ப் மட்டும் ஆதியில் வந்ததல்ல. பல வருஷங்களுக்கு முன் அப்பா மாற்றிப் போட்ட ரோட்டரி பம்ப்; ஒரே ஒரு பிளஞ்சர் சுழன்றுகொண்டே முன்னும் பின்னும் போய் நாலு சிலிண்டருக்கும் முறைவைத்து டீசல் அனுப்புகிற ரகம்.

கொஞ்சம் இயந்திர விஷயம் சொல்லியாக வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒழுக்கத்தைப் பற்றி மட்டும் பேசினால் அது காற்றில் பேசுவதாக முடியும். பெட்ரோல் எஞ்சினில் கால் அழுத்தும்போது கூடுவது காற்று. காற்றின் அளவுக்கேற்ப பெட்ரோல் போய்ச் சேரும். டீசல் எஞ்சின் அப்படியல்ல. அது எப்போதும் வயிறு நிறையக் காற்றை இழுத்து, இருபதில் ஒரு பங்குக்கு நசுக்குகிறது. நசுங்கிய காற்று கொதிக்கிற சூட்டில் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. பொறி வைக்க ஆள் தேவையில்லை. ஆக, வேகம், இழுவை, சாந்தம், மூர்க்கம் எல்லாமே ஒவ்வொரு முறையும் எவ்வளவு டீசல் பீய்ச்சப்படுகிறது என்பதில் அடக்கம். என் வண்டி போன்ற ஒன்றில் முழு பாரத்தில்கூட ஒரு பீய்ச்சலின் அளவு இருபது, இருபத்தைந்து கன மில்லிமீட்டருக்கு மேல் இராது. ஒரு சிட்டிகைக் கடுகு. அந்தச் சிட்டிகையை அளப்பதற்காக பம்பின் பிளஞ்சரும் அதன் கூடும் ஓரிரு மைக்ரான் இடைவெளியில் பொருந்தியிருக்கின்றன. உள்ளே இருக்கிற காற்றால் எரிக்க முடிந்ததற்கு மேல் ஒரு கடுகு அதிகம் போனாலும் அது கரியாக வெளியேறும். கருப்புப் புகை என்பது அதுதான்: எரிய முடியாதது.

ருடால்ஃப் டீசல் 1897இல் தன் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். ஆனால் எண்ணெயை உள்ளே ஊதுவதற்கு அவருக்கு ஒரு பெரிய காற்றழுத்த யந்திரம் தேவைப்பட்டது. அதைக் காரில் தூக்கிப் போக முடியாது. 1913இல் ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் ஓர் இரவு அவர் காணாமற்போனார். அவருடைய எஞ்சின் தெருவுக்கு வருவதற்கு, ராபர்ட் பாஷ் கம்பெனி 1927இல் பம்புகளைத் தொகையாகச் செய்ய ஆரம்பிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே கம்பெனிதான் 1951இல் பெங்களூரில் மைக்கோவைத் தொடங்கியது. நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு ‘மைக்கோ பம்ப்’ என்பது ஒரு கம்பெனியின் பெயராக இல்லாமல் ஒரு பண்டத்தின் பெயராகவே ஆகிவிட்டது. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் கடலுக்குப் போகிற விசைப்படகுகளிலிருந்து, கரண்ட் வராத காலத்தில் கிணற்றடியில் தண்ணீர் இறைத்த எஞ்சின்கள் வரை, எங்கள் ஜில்லாவின் வயிறு இந்தப் பீய்ச்சலில் ஓடியிருக்கிறது.

பம்பில் கைவைக்க மூன்று நான்கு இடங்கள் உண்டு. பம்பையே அதன் தாடையில் லேசாகத் திருப்பினால் பீய்ச்சும் நேரம் முன்னே பின்னே போகும். முன்னே போனால் எஞ்சின் தட்டும், பின்னே போனால் சோம்பி வெள்ளைப் புகை விடும். ஸ்லோ ஸ்பீடுக்கு ஒரு திருகு. அதிகபட்ச வேகத்துக்கு ஒரு தடைத் திருகு. பின்பக்கம், லாக் நட்டு போட்ட இன்னொரு திருகு: அதிகபட்ச டீசல் அளவு. இதில்தான் கம்பெனி முத்திரை போடுகிறது. யாரும் தொடக்கூடாது என்று. இந்தியாவில் ஓடும் வண்டிகளில் அந்த முத்திரை எத்தனை முழுசாக இருக்கிறது என்பதைப் பார்க்க ஒரு நாள் எந்த ஒர்க்ஷாப்பிலும் நின்றால் போதும். உள்ளே திருகினால் டீசல் கூடும். வழக்கமான குழாய்களுக்கு நேர் எதிர். ஆனாலும் மெக்கானிக்குகள் அதைத் ‘திறக்கிறது’ என்றுதான் சொல்கிறார்கள்.

நான் போனது புகைச் சான்றிதழ் முடிந்துவிட்டதற்காக. பழைய வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அது வேண்டும். பாய் (அப்பா காலத்திலிருந்து இந்த வண்டியைப் பார்க்கிறவர்) பானட்டைத் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இப்படிக் கேட்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஒரு மரியாதை வரும். பிறகு சொன்னார்:

“தம்பி, இப்படியே கொண்டுபோனா தேறாது. ஒரு கால் சுத்து மூடித் தர்றேன். சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. வந்தவுடனே தொறந்துக்கலாம்.”

“மூடியே வச்சிருந்தா என்ன பாய்?”

“இழுக்காது. வீட்ல எல்லாரும் ஏறினா மூணாவது கியர்ல அழும். அப்பா தொறந்து வச்சதுதான இது.”

மூடினார். போனேன். பரிசோதனை நிலையத்துப் பையன் புகைக்குழாயில் ஒரு குழலைச் செருகி, ஆக்ஸிலரேட்டரை நாலைந்து முறை முழுக்க அழுத்தினான். என் வண்டி மாதிரிப் பழைய டீசல்களுக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு வரை புகை அனுமதிக்கப்படுகிறது. தேறிவிட்டது. திரும்பி வந்தேன். பாய் கால் சுற்று திறந்தார். டீசல் கூடியதால் ஸ்லோ ஸ்பீடும் ஏறிவிட்டது. அதை அந்தத் திருகில் இறக்கினார். எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷம். கூலியாகக் கொடுத்ததை எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆலங்குடி சாலையில் ஒரு வேகத்தடை. இரண்டாவது கியருக்கு மாற்றி அழுத்தினேன். வண்டி ஆசையோடு பாய்ந்தது. கண்ணாடியில் பார்த்தபோது பின்னால் சாலையே இல்லை, கருப்பு. அது கலைந்தபோது சைக்கிளில் ஒரு பள்ளிக்கூடப் பையன், வெள்ளைச் சட்டை, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றான். திட்டவில்லை. முறைக்கவும் இல்லை. புகை போகிறவரை நின்றுவிட்டு, மழைக்கு ஒதுங்கியவன் கிளம்புவதுபோல் மறுபடி மிதிக்க ஆரம்பித்தான். என்னைச் சங்கடப்படுத்தியது அந்தப் பழக்கம். அவன் அட்ஜஸ்ட் செய்துகொண்டான். சட்டைப் பையிலிருந்த சான்றிதழின் மை காய்ந்திருக்குமோ என்னவோ.

இங்கே நான் செய்த தவறு என்ன? கேள்வி தோன்றுகிற அளவுக்கு எளியதல்ல. முத்திரையை உடைத்ததுதான் தவறு என்று சொல்லிவிடலாம். என்னால் அதை ஏற்க முடியவில்லை. கம்பெனி வைத்த அளவு ஒரு புது பம்புக்கு, புது நாசிலுக்கு, டெஸ்ட் பெஞ்சில் மோட்டார் ஓட்டி, கண்ணாடிக் குழாய்களில் வழிந்ததை அளந்து வைத்தது. முப்பது வருஷம் தேய்ந்த பிளஞ்சர் அழுத்தத்தில் ஓரமாகக் கசிகிறது. அதே திருகு, அதே நிலை; போகிற டீசல் குறைவு. அதைக் கொஞ்சம் திறப்பது, கம்பெனி நினைத்த அளவுக்கே எஞ்சினைத் திருப்பிக் கொண்டுபோவதாகக்கூட இருக்கலாம். எழுத்தைக் காப்பாற்றினால் பொருள் போகும். பொருளைக் காப்பாற்ற எழுத்தைத் தொட வேண்டும். அரிஸ்டாட்டில் தன் ஒழுக்க நூலில் லெஸ்பாஸ் தீவுக் கொத்தர்கள் வைத்திருந்த ஈய அளவுகோலைச் சொல்கிறான். இரும்புக்கோல் மாதிரி விறைப்பாக இல்லாமல் அது கல்லின் வளைவுக்கேற்ப வளைந்துகொடுக்கும். சட்டம் எட்டாத இடத்தில் நியாயம் அப்படி வளைய வேண்டும் என்பது அவன் வாதம். பாயின் காது அப்படிப்பட்ட ஈயக்கோல் என்று எழுதிவிட்டால் இந்தக் கட்டுரை இதே இடத்தில் அழகாக முடிந்துவிடும். பத்திரிகைக்காரர்களும் சந்தோஷப்படுவார்கள். நமக்கெல்லாம் கைவினைஞன் என்றால் ஒரு கிறக்கம் உண்டு. நவீனத்தைத் திட்டுவதற்கு அவன் வசதியான ஆள்.

ஆனால் பாயின் காது எதைக் கேட்டது? எஞ்சினை. எஞ்சினுக்கு எது சுகம், கால் வைக்கிற எனக்கு எது சுகம் என்று அது நுட்பமாகக் கேட்டது. வேகத்தடைக்குப் பின்னால் நிற்கிற நுரையீரல் அந்தக் காதுக்கு எட்டவில்லை. ஈயக்கோல் கல்லுக்கு வளைய வேண்டும். கொத்தனின் சௌகரியத்துக்கு வளைவதற்கு அரிஸ்டாட்டில் அதைச் சொல்லவில்லை.

குடுமியான்மலைப் பாறையில் வெட்டியிருக்கிற ஸ்வரங்கள் இந்தச் சமயத்தில் ஞாபகம் வருகின்றன. ஏழாம் நூற்றாண்டு என்கிறார்கள். கிரந்த எழுத்தில் நாலு நாலாக ஸ்வரக் கூட்டங்கள், சிஷ்யர்களுக்காக ஒரு ராஜா செய்தது. கல்லில் அளவு அப்படியே இருக்கிறது. அதை எந்தக் காது எப்படி வைத்துக்கொண்டு வாசித்தது என்பதுதான் இன்றுவரை வாதத்தில் இருக்கிறது. காது இல்லாத அளவு அப்படி ஊமையாகிவிடும் என்பது உண்மைதான். நான் சொல்வது அதன் மறுபக்கம்: அளவு இல்லாத காது தனக்குப் பிடித்ததை மட்டும் கேட்கும்.

சரி, பொய் சொன்னதுதான் தவறா? மீட்டரை ஏமாற்றினேன் என்பது. கான்ட் 1795இல் நிரந்தர சமாதானத்தைப் பற்றி எழுதியபோது ஒரு உரைகல் தந்தார்: பிறர் உரிமையைத் தொடுகிற காரியம் எதுவோ, அதன் கொள்கையைப் பகிரங்கப்படுத்த முடியாவிட்டால் அது அநியாயம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே எதை மறைத்தோம்? வேப்பமரத்தடியில் பட்டப்பகலில் மூடினோம். பரிசோதனை நிலையத்துப் பையனுக்கு அவன் பார்க்கிற பழைய டீசல் வண்டிகளில் எத்தனை அன்று காலையில் மூடப்பட்டவை என்பது தெரியாதா? சட்டம் போட்டவர்களுக்குத்தான் தெரியாதா? எல்லோருக்கும் தெரிந்த ரகசியத்துக்கு கான்டின் உரைகல் உறைப்பதில்லை. இங்கே பகிரங்கம் ஒன்றையும் தடுக்கவில்லை; எல்லோரையும் பங்காளியாக்கிவிட்டது. கேட்கப்படாதவன் ஒருவன்தான், சைக்கிளில் இருந்தவன்.

என் உத்தியோகம் இதை எனக்குப் புரியவைத்திருக்க வேண்டும். மார்ச் 31ஆம் தேதி சாயங்காலம் ஒரு கிளையின் டெபாசிட் உப்பும். ஏப்ரல் முதல் வாரத்தில் வடியும். தெரிந்த பெரிய வாடிக்கையாளரிடம் ‘மூணு நாளைக்கு மட்டும் சார்’ என்று கேட்டு வாங்கிய பணம். நகைக்கடன் ஒன்று அன்று காலையில் முடிக்கப்பட்டு மத்தியானம் அதே நகைக்கு, அதே ஆளுக்கு, புதிதாகப் பிறக்கும். இப்படிப்பட்ட வவுச்சர்களில் என் சுருக்கெழுத்தும் உண்டு. அப்போதெல்லாம் என் மனசாட்சி உறுத்தியதாக ஞாபகம் இல்லை. கணக்கு பொய்யல்ல, அந்த நாளில் அந்தப் பணம் அங்கே இருந்தது. என் வண்டியும் அந்தப் பத்து நிமிஷம் நிஜமாகவே குறைந்த புகைதான் விட்டது. பொய் இருந்தது எண்ணில் இல்லை. அந்த நாள் மற்ற நாட்களுக்குச் சாட்சி சொல்லும் என்று வைத்துக்கொண்டோமே, அந்த ஏற்பாட்டில்.

நம் சிற்றேடுகளில் ‘சோதனை’ என்றால் பரீட்சார்த்தம். புதிதாக ஒன்றைச் செய்து பார்ப்பது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் சோதனை என்றால் தேறுவது. என் பாட்டிக்குச் சோதனை என்றால் கடவுள் அனுப்பும் கஷ்டம். மூன்றுக்கும் ஒரே சொல் இருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் முதலாவது சோதனையைச் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு இரண்டாவது சோதனைக்கு எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும். பரிசுக் குழுவில் யார் யார் என்று தெரிந்த பிறகு கால் சுற்று மூடிக்கொள்கிற கவிதைகள். பெயர் சொல்லமாட்டேன், வாசகர்களுக்குத் தெரியும். விமர்சகனாகிய நானும் மதிப்புரைகளில் சிலருக்கு ஒரு திருகும் சிலருக்கு வேறு திருகும் வைத்திருந்திருக்கிறேன்.

பாயிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்தார். “ஜெர்மன்காரன் கம்ப்யூட்டர்லயே செஞ்சிருக்கான். நான் ஸ்பானர்ல செஞ்சா தப்பா?” பத்திரிகை படிக்கிறவர். அவர் சொன்னது 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த வோக்ஸ்வாகன் விவகாரம். ஸ்டியரிங் எப்படித் திரும்புகிறது, வேகம் என்ன, எஞ்சின் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பதையெல்லாம் வைத்து, இப்போது நடப்பது பரிசோதனை என்று கார் தானே கண்டுபிடித்து, அந்த நேரத்துக்கு மட்டும் ஒழுங்காக இருந்தது. சாலையில் நைட்ரஜன் ஆக்ஸைடு அனுமதித்த அளவைப்போல நாற்பது மடங்குவரை. உலகெங்கும் ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள். இந்தியாவில் மூன்று லட்சத்துக்கும் மேல் திரும்ப அழைக்கப்பட்டன. வேடிக்கை என்னவென்றால் என் வண்டியில் இருக்கிற ரகப் பம்பை பாஷ் கொண்டுவந்தது 1975இல். அதைப் போட்டுக்கொண்டு அடுத்த வருஷம் வந்த பிரசித்தமான கார் வோக்ஸ்வாகன் கோல்ஃப் டீசல். திருகு நாற்பது வருஷத்தில் கம்ப்யூட்டர் வரியாகிவிட்டது, அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? முதலில் எனக்கு ஒரு பெரிய வித்தியாசம் தெரிந்தது. பாயின் பொய் ஒவ்வொரு முறையும் ஒரு கையின் வழியாகப் போக வேண்டும், மூட ஒரு தரம், திறக்க ஒரு தரம். ஒவ்வொரு தரமும் கை நின்றுவிடலாம். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். அந்தக் காரில் பொய் ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது. ஓட்டுகிறவனுக்குத் தெரியாது, விற்றவனுக்குத் தெரியாது, மறுப்பதற்கு யாருக்கும் ஒரு கணம்கூட மிச்சமில்லை. மனிதன் தவறு செய்கிற வாய்ப்பைக்கூடப் பறித்துவிட்ட நிலை என்று இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியும் வைத்தேன். பிறகு கிழித்துவிட்டேன். கை நின்றுவிடலாம்தான், நின்றதா? இரண்டு தரமும் நிற்கவில்லை. நிற்கக்கூடிய கை நிற்காமல் போனது, நிற்கவே முடியாத யந்திரத்தைவிட எந்த வகையில் உசத்தி? 2012இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குகிறவற்றின் முதல் வரிசையில் வைத்தது. அந்தப் புகைக்கு அது கையால் வந்ததா கம்ப்யூட்டரால் வந்ததா என்று தெரியாது.

அப்பாவைப் பற்றியும் யோசித்தேன். திறந்து வைத்தவர் அவர். நெல் மூட்டைக்காரர்களை ஏற்றிக்கொண்டு மணமேல்குடிக்கும் ஆவுடையார்கோயிலுக்கும் போய்வர இழுவை வேண்டியிருந்தது. அன்று அந்த ரஸ்தாக்களில் பின்னால் வருகிறவர்கள் குறைவு. புகை வயல்மேல் போய்க் கலைந்தது. அவருடைய கால் சுற்றுக்கு ஒரு தேவை இருந்தது, அதைச் சுற்றி ஒரு வெளியும் இருந்தது. எனக்கு வந்து சேர்ந்தபோது தேவையும் இல்லை, வெளியும் இல்லை. அவர் வைத்த நிலை மட்டும் இருந்தது. அதைக் கலைக்காமல் வைத்திருப்பதை நான் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்ற மாதம் பம்பை இறக்கி, பம்ப் கடையில் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றினோம். கண்ணாடிக் குழாய்களில் நாலு சிலிண்டருக்கும் வழிந்த அளவு ஒன்றாக இல்லை. ஒன்று மற்றதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு ஏறியிருந்தது. கருப்புக்கு அதுவும் ஒரு காரணமாம். டெலிவரி வால்வு மாற்றினார்கள். நாசில்களில் இரண்டு, பீய்ச்சுவதற்குப் பதில் ஒழுகிக்கொண்டிருந்தன. அவற்றை மாற்றிவிட்டு மற்றவற்றை அடுத்த முறை பார்க்கலாம் என்று சொன்னேன். செலவு எதிர்பார்த்ததைவிட அதிகம். பின்பக்கத் திருகை அளவில் வைத்து, முத்திரை இல்லாததால் லாக் நட்டின் மேல் மஞ்சள் பெயிண்ட் ஒரு பொட்டு வைத்தார்கள். பாய் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு, “ஆள் ஏத்தாம போங்க” என்றார்.

இழுவை குறைந்துதான் போயிற்று. திருமயம் போகும்போது பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். வீட்டில், ‘உங்க கட்டுரைக்காக நாங்க நடந்து போகணுமா’ என்று கேள்வி. புகை முழுக்கப் போய்விடவில்லை. வேகத்தடையில் இன்னும் ஒரு சாம்பல் நிறம் வருகிறது, கண்ணாடியில் பார்க்கிறேன். சான்றிதழ் அடுத்த மாதம் முடிகிறது. இந்தத் தடவை பொட்டைக் கலைக்காமல் அப்படியே கொண்டுபோவதாக உத்தேசம். தேறாவிட்டால் மிச்சம் இரண்டு நாசிலையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று பம்ப் கடையில் சொல்லியிருக்கிறார்கள்.